பெட்டகத்துக்கு இரண்டு சாவி

2022 ஜூலையில், இங்கே திருவனந்தபுரம் பாளையத்தில், சி.எஸ்.ஐ. தென்கேரளப் பேராயத்தின் எல்.எம்.எஸ். வளாகத்தில் அமலாக்கத்துறை சோதனை போட்டது. காரக்கோணம் மருத்துவக் கல்லூரி சீட்டுக்குப் பணம் வாங்கியதாகப் புகார்.

"இனி கோயிலுக்கு எதுக்குப்பா போகணும்?" என்றாள் மகள். யாருக்கும் வக்காலத்து வாங்க எனக்கு மனசில்லை. ஒன்று மட்டும் சொன்னேன். எங்கள் வங்கியில் பெட்டகத்துக்கு இரண்டு சாவி, இரண்டு பேர் கையில். சந்தேகத்தால் இல்லை, மனுஷன் மனுஷன்தான் என்பதால்.

பவுலும் அப்படித்தான். எருசலேம் ஏழைகளுக்குச் சேர்த்த காணிக்கை விஷயத்தில் யாரும் குறை சொல்லிவிடக் கூடாதென்று, சபைகள் தேர்ந்தெடுத்த ஒருவரையும் கூடவே வைத்துக்கொண்டார் (2 கொரிந்தியர் 8).

ஆகவே நண்பர்களே, கணக்குக் கேட்பது அவிசுவாசம் அல்ல. ஞாயிறுதோறும் போகிறோம், காணிக்கை போடுகிறோம், சபைக் கூட்டத்தில் கணக்கும் கேட்கிறோம். நாங்கள் நம்பி வந்தது இயேசுவை, அலுவலகத்தை அல்ல.