பறித்த எழுதுகோல்

நம்முடைய வகுப்பில் முன்பு ஒரு மாணவன் இருந்தான். பாடம் நடக்கையில் அவன் கை ஏட்டின் ஓரத்தில் மினாராக்களை வரைந்துகொண்டேயிருக்கும். கவனமற்றவன் என்று கடிந்து எழுதுகோலைப் பறித்தோம். அன்றோடு அவன் வரைவதை விட்டான், பாடத்திலும் தேறினானில்லை.

ஓவியர் ஸ்டீபன் வில்ட்ஷயரின் வரலாற்றைப் படித்தபோது அம்முகம் நினைவில் எழுந்தது. 1974இல் லண்டனில் பிறந்த அவருக்கு 3 வயதில் ஆட்டிசம் என்று கண்டறிந்தனர். பேச்சற்ற அப்பிள்ளைக்குச் சித்திரமே மொழி. பேசவைக்க எண்ணிய ஆசிரியர்கள் வரைபொருள்களைச் சிறிது காலம் எடுத்து வைத்தனராம். அவர் வாயில் பிறந்த முதற்சொல் ‘காகிதம்’! 2005இல் ஹெலிகாப்டரிலிருந்து டோக்கியோ மாநகரைச் சிறிது நேரமே பார்த்தவர், 10 மீட்டர் நீள ஓவியத்துணியில் அதனை நினைவிலிருந்தே தீட்டினார்.

எல்லாப் பிள்ளைகளும் வில்ட்ஷயர் ஆகிவிடமாட்டார்கள், ஆகவேண்டியதுமில்லை. ஆயினும், மூளையின் போக்கு வேறுபட்ட பிள்ளைக்கு ஊக்கம் எவ்வழியில் வருகிறது என்பதை அச்சொல் நமக்குக் கற்பிக்கிறது. அவன் மனம் பற்றிய பொருள் ரயில்வண்டியாயின், அதையே நூறு முறை வரையட்டும். ஒரு மணி நேரம் அமர இயலாவிடில் பத்து நிமிடம் போதும். பத்து நாள் மறந்திருந்தாலும், பதினோராம் நாள் ஏசாமல் தாளை நீட்டுங்கள். அண்டைவீட்டுப் பிள்ளையின் படத்தைக் காட்டாதீர்கள்; அவன் சென்ற மாதம் வரைந்ததையே காட்டுங்கள்.

பெற்றோர்களே! அன்று பறித்த எழுதுகோலை நாம் திருப்பிக் கொடுக்கவேயில்லை. உங்கள் இல்லத்திலும் ஒரு பிள்ளை காகிதம் கேட்கக்கூடும். கொடுத்துவிடுங்கள்.