மலைக்கு இப்பால்

ஆடி மாதத்தில் மதுரைத் தெருக்களில் நாம் புழுதிக் காற்றில் கண்ணைக் கசக்கும்போது, கேரளத்தில் மழை கொட்டிக்கொண்டிருக்கும். தென்மேற்குப் பருவக்காற்றின் ஈரத்தில் பெரும்பகுதியை மேற்குத் தொடர்ச்சி மலை அப்பாலேயே பொழிவித்துவிடுகிறது. மலையிறங்கும் காற்று வெப்பமடைந்து, வறண்டே நம்மை வந்தடைகிறது. நாம் பெரிதும் நம்பியிருப்பது அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையையே. அந்த மூன்று மாத வரவை ஆண்டு முழுமைக்கும் காக்கவே நம் முன்னோர் சமவெளியெங்கும் கண்மாய்களை வெட்டினர். 1895-இல் கட்டி முடிக்கப்பட்ட பெரியாறு அணையோ, மேற்கே ஓடிய நீரை மலையைக் குடைந்து வைகைக்குத் திருப்பிற்று. மலையை நகர்த்த நம்மால் இயலாது; கண்மாயின் வரத்துக் கால்வாயைத் தூர்வாரிக் காக்க இயலும். அளவாகக் கிடைக்கும் மழைக்கு நாம் செலுத்தத்தக்க நன்றி அதுவே அன்றோ?