சித்தூரும் திருப்பதியும்: கல்வி தேடிச் சென்ற பயணம்

மும்பையிலிருந்து சென்னை மார்க்கமாக ஊருக்குச் செல்லும் நம் குடும்பங்களில் ரேணிகுண்டா நிலையத்தை அறியாதார் இரார். அங்கே வண்டி நின்றதும் பெட்டியில் பாதி காலியாகும். மொட்டைத் தலைகளும் லட்டுப் பைகளுமாக வேறொரு கூட்டம் ஏறிக்கொள்ளும். இருந்த இடத்திலிருந்தே மலையை நோக்கிக் கைகூப்பிவிட்டு, நாம் காட்பாடிக்கோ அரக்கோணத்துக்கோ மேலே பயணம் தொடர்வோம். ஆயினும் அந்நிலையத்தில் யாத்திரிகரோடு யாத்திரிகராக இறங்கும் மற்றொரு கூட்டமும் உண்டு. தகரப்பெட்டிக்கு மாற்றாக இக்காலத்தில் சக்கரம் வைத்த பெட்டியை இழுத்துக்கொண்டு, தோளில் புத்தகப் பையுடன் செல்லும் மாணவர் கூட்டமே அது. திருப்பதி ஆண்டவன் குடிகொண்ட ஊர் மட்டுமன்று. ஆயிரக்கணக்கான மாணவர் குடியிருக்கும் ஊருமாகும். அதனை நம் சங்கத்து அன்பர்கள், குறிப்பாக வளர்ந்த பிள்ளைகளையுடைய தாய்மார்கள், அறிந்துகொள்ளல் நலம் என்று கருதியே இக்கட்டுரையை வரையலானோம்.

திருவேங்கடவன் பல்கலைக்கழகம் 1954-ஆம் ஆண்டு செப்டம்பர் 2-ஆம் நாள் தோன்றியது. ஆந்திர மாநிலம் தனியே பிரிந்து ஓராண்டு நிறைவதற்குள் எழுந்தது அது. பிரகாசம் பந்துலு அப்போது முதலமைச்சர். கோவிந்தராஜுலு நாயுடு முதல் துணைவேந்தர். மலையடிவாரத்தில் ஏறக்குறைய 1000 ஏக்கர் நிலத்தைத் தேவஸ்தானம் அளித்தது. அதற்கு முன்னரே, 1945-இல், தேவஸ்தானம் ஒரு கலைக்கல்லூரியைத் தொடங்கியிருந்தது. பின்னர் 1960-இல் மருத்துவக் கல்லூரியும், 1961-இல் சமஸ்கிருத வித்யாபீடமும், 1983-இல் பெண்களுக்கென்றே பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகமும் வந்தன. 2015-இல் இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனமும் தொடங்கப்பெற்றன. வித்யாபீடம் 2020-இல் மத்தியப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. ஒரு கோயில் நகரில் இத்துணைக் கல்விச்சாலைகள் திரண்டிருப்பது வியப்பன்றோ!

இக்கல்விச்சாலைகளுள் பலவற்றின் அடித்தளத்தில் நம் பாட்டிமாரின் காசும் கலந்திருக்கிறது என்றால் மிகையாகாது. பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்துவைத்து, வசதி வந்தபோது மலையேறி உண்டியலில் சேர்ப்பது தமிழ் வீடுகளின் பழைய வழக்கம். 1933-இல் மகந்துக்களின் நிர்வாகம் நீங்கித் தேவஸ்தானக் குழு பொறுப்பேற்றபின், அவ்வுண்டியல் வருவாயில் ஒரு பகுதி பள்ளியாகவும் கல்லூரியாகவும் மாணவர் விடுதியாகவும் உருவெடுத்தது. ஆகவே அங்கே படிக்கச் செல்லும் தமிழ்ப் பிள்ளை அயலார் வீட்டு வாசலில் நிற்பதாக எண்ணிக் கூச வேண்டுவதில்லை.

இனிச் சித்தூரைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். பழைய வடஆர்க்காடு மாவட்டத்துக்கு ஒரு காலத்தில் சித்தூரே தலைநகராக இருந்தது. 1911-இல் சித்தூர் தனி மாவட்டமாயிற்று. 1953 அக்டோபர் முதல் நாள் அம்மாவட்டம் ஆந்திரத்தோடு சேர்ந்தது. ம.பொ.சி. முதலியோர் நடத்திய வடவெல்லைப் போராட்டத்தின் பயனாகத் திருத்தணி 1960 ஏப்ரல் முதல் நாள் தமிழகத்துக்கு வந்தது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே நின்றன. 2022 ஏப்ரலில் திருப்பதியும் சித்தூரிலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று.

டாக்டர் இராதாகிருஷ்ணனின் இளமைக் கல்வியை இந்நிலப்படத்தில் வைத்துப் பார்த்தல் வேண்டும். 1888-இல் திருத்தணியில் பிறந்த அவர், எட்டு வயதளவில் திருப்பதி லுத்தரன் மிஷன் பள்ளிக்குச் சென்றார். பின்னர் வேலூர் ஊரிஸ் கல்லூரியில் பயின்றார். அதன்பின் சென்னைக் கிறித்தவக் கல்லூரியை அடைந்தார். அவர் சிறுவராயிருந்த நாளில் திருத்தணி, திருப்பதி, வேலூர் ஆகிய மூன்றும் ஒரே மாவட்டத்து ஊர்கள். இன்றோ அவை இரண்டு மாநிலங்களில், மூன்று மாவட்டங்களில் உள்ளன. அன்று ஓர் ஏழைச் சிறுவன் எவ்விதச் சான்றிதழும் கேட்கப்பெறாமல் கடந்த தொலைவை, இன்று ஒரு மாணவி கடக்கவேண்டுமாயின் கோடு கிழித்த இடந்தோறும் காகிதம் காட்டவேண்டியிருக்கிறது. இதனை நாம் நேரிலேயே கண்டோம்.

2022-ஆம் ஆண்டு நம் தமக்கையாரின் மகள் மும்பையில் பி.எஸ்ஸி. முடித்து, ஆந்திர மாநிலத்து முதுகலை நுழைவுத் தேர்வு எழுதினாள். கணிதத்தில் நல்ல இடமும் பெற்றாள். திருப்பதியில் படிக்க அவளுக்கு விருப்பம். தாய் பிறந்த மண் என்பதும், மும்பை வாடகையை நினைக்க அங்கே செலவு குறைவு என்பதும் காரணங்கள். ஆனால் ஆந்திரத்தில் 1974-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி நூற்றுக்கு 85 இடங்கள் அந்தந்தப் பகுதி மாணவருக்கே உரியவை. தேர்வுக்கு முந்திய நான்கு ஆண்டுகள் தொடர்ந்து அப்பகுதியில் படித்தவரே உள்ளூர் மாணவராகக் கருதப்படுவர். மிஞ்சிய 15 இடங்களுக்குப் போட்டியிட, பெற்றோரில் ஒருவரேனும் அம்மாநிலத்தில் மொத்தம் பத்தாண்டுகள் வாழ்ந்திருந்தால் வழியுண்டு. நம் தமக்கையார் சித்தூரில் பிறந்து இருபது ஆண்டுகள் அங்கேயே வளர்ந்தவர். மணமானபின் மும்பைக்கு வந்தவர். வாழ்ந்தது உண்மை; அதனைக் காட்டும் காகிதந்தான் இல்லை.

இங்கேதான் குடிபெயர்ந்த குடும்பங்களின் இடர்ப்பாடு விளங்கும். மராட்டியத்தில் ‘எந்த ஊர்?’ என்று கேட்டால் சித்தூர் என்போம். தமிழ்நாட்டில் கேட்டாலும் சித்தூர் என்போம், ‘அது ஆந்திரமாயிற்றே!’ என்பர். ஆந்திரத்தில் கேட்டால், ‘நீங்கள் மும்பைக்காரர்’ என்பர். மூன்று ஊருக்கும் உரியவர் எந்த ஊருக்கும் உரியவர் ஆகாமற்போவது இவ்வாறே. விதி வகுத்தவரைக் குறைகூறவும் இயலாது. சித்தூர்ச் சிற்றூரில் மானாவாரி நிலத்தை நம்பி வாழும் உழவனின் மகளுக்கு அந்த 85 இடங்களும் பெருங்காவல். அக்காவல் இல்லையேல் பெருநகரப் பிள்ளைகள் அவ்விடங்களை நிரப்பிவிடுவர்.

நுழைவுத் தேர்வு எழுதிய பிள்ளைக்குத் துணையாக, விடுப்புப் பெற்றுக்கொண்டு நாமே புறப்பட்டோம். மெட்ரிக்குலேஷனோடு படிப்பை நிறுத்திப் புகைவண்டி அலுவலகத்தில் எழுத்தராக அமர்ந்த நமக்குப் பல்கலைக்கழகம் புதிது. ஆயினும் பதிவேடுகள் புதியனவல்ல. சித்தூரில் நம் தமக்கையார் படித்த தமிழ்வழிப் பள்ளிக்குச் சென்றோம். பழைய சேர்க்கைப் பதிவேட்டை எழுத்தர் ஒருவர் அரைமணி நேரம் தேடி எடுத்தார். ஓரங்கள் கரையான் அரித்திருந்தன. ஆயினும் மை மங்கவில்லை. தமக்கையாரின் பெயர், தந்தையார் பெயர், பிறந்த நாள், சேர்ந்த வகுப்பு, நீங்கிய வகுப்பு எல்லாம் இருந்தன. முதல் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புவரை முழுமையாகப் பத்து ஆண்டுகள்!

“மாமா, அம்மா படித்ததாலேதான் எனக்கு இடம் கிடைக்கப் போகிறது,” என்றாள் பெண்.

உண்மையே. பெண்பிள்ளைக்கு ஐந்தாம் வகுப்புப் போதும் என்று நம் பாட்டனார் நிறுத்தியிருப்பாராயின், பேத்திக்குக் காட்டச் சான்று இராது. அப்பதிவேட்டின் நகலைக் கொண்டு தாசில்தார் அலுவலகத்தில் குடியிருப்புச் சான்று பெற மூன்று நாள்கள் ஆயின.

சித்தூரிலிருந்து திருப்பதிக்கு இருப்புப்பாதை வழியே ஏறக்குறைய 70 கிலோமீட்டர். காட்பாடியில் தொடங்கிச் சித்தூர், பாகாலா, சந்திரகிரி வழியாகச் செல்லும் இப்பாதை 1891-இல் தென்னிந்திய இரயில்வே அமைத்த மீட்டர் பாதையின் பகுதி, பிற்காலத்தில் அகலப்பாதையாயிற்று. 104 கிலோமீட்டர் நீளமுள்ள இந்த ஒற்றைப் பாதையை இரட்டையாக்க 2025 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மாந்தோப்புகளும் பாறைக் குன்றுகளும் மாறிமாறித் தோன்ற, பயணிகள் வண்டியில் தமிழும் தெலுங்கும் ஒரே வாக்கியத்தில் கலந்து ஒலிக்கக் கேட்டோம். தமிழில் தொடங்கும் பேரம் தெலுங்கில் முடியும். எல்லைக்கோடு நிலப்படத்தில் இருக்கலாம்; அந்த வண்டிப் பெட்டியில் இல்லை.

இடம் கிடைத்தது, தங்குவதற்கு அறை உடனே கிடைக்கவில்லை. விடுதியில் சேர்க்கை முடிந்து அறை ஒதுக்கச் சில வாரங்கள் ஆகும் என்றனர். திருப்பதியில் வாடகை வீடு தேடுவது எளிதன்று. நாள்தோறும் வந்து குவியும் யாத்திரிகருக்கு ஓர் இரவுக்குக் கிடைக்கும் வாடகையை நினைக்கும் உரிமையாளர், மாத வாடகைக்கு மாணவரை வைத்துக்கொள்ளத் தயங்குவர். புரட்டாசியில் பிரம்மோற்சவக் கூட்டம் சேர்ந்துவிட்டால் சொல்லவே வேண்டுவதில்லை. இரண்டு நாள் அலைந்தபின், பல்கலைக்கழகத்தை அடுத்த ஒரு தெருவில் முதிய அம்மையார் ஒருவர் மாடியறையைக் காட்டினார். நாம் பெண்ணோடு தமிழில் பேசுவதைக் கேட்டு, “மீரு அரவமா?” என்று வினவினார். ‘அரவம்’ என்பது தெலுங்கர் தமிழுக்கு வழங்கும் பெயர்.

“ஆம், அம்மா,” என்றோம்.

“எங்கள் தாயார் குடியாத்தத்துக்காரர், தம்பி. நான் பேசினால் கலந்து வரும், குறையாக எண்ணாதீர்கள். பெண் இங்கேயே இருக்கட்டும். இரவு எட்டு மணிக்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும், அதுவொன்றுதான் என் சட்டம்,” என்றார்.

இரண்டு மாதம் பெண் அங்கே தங்கினாள். பின்னர் விடுதியில் இடம் கிடைத்தது. விடுதியில் மாதச் சாப்பாட்டுச் செலவை மாணவியர் தலைக்கணக்கில் பகிர்ந்துகொள்வர். பருப்பும் புளிச்சக்கீரைத் துவையலும் மாறாத உணவு. ‘ராகி சங்கடி’ என்று முதல் நாள் கேட்டு அஞ்சியவள், அது நம் வீட்டுக் கேழ்வரகுக் களியே என்று கண்டு மகிழ்ந்ததாக எழுதினாள். நால்வர் தங்கிய அறையில் ஒருத்தி கடப்பை, ஒருத்தி நெல்லூர், ஒருத்தி மதனப்பள்ளி, இவள் மும்பை. தேர்வுக் காலத்தில் ஒரே விளக்கின் கீழ் நால்வரும் படிப்பர். ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தால் மற்ற மூவரும் மாறிமாறிக் கஞ்சி வைத்துக் கொடுப்பர்.

பாடம் ஆங்கிலத்தில் நடந்தது. ஆயினும் ஆசிரியர் கடினமான இடம் வந்ததும் தெலுங்குக்கு மாறி விளக்குவது இயல்பு. முதற்பருவத்தில் அவள் எழுதிய கடிதத்தில், “மாமா, கணக்கு விளங்குகிறது, நடுவே அவர் சொல்லும் வேடிக்கைதான் விளங்கவில்லை. எல்லோரும் சிரிக்கும்போது நான் மட்டும் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்,” என்றிருந்தது. அதனைப் படித்த தமக்கையார் கண்கலங்கினார். நமக்கும் மனம் பொறுக்கவில்லை. ஆனால் அறைத்தோழியர் அவளுக்குத் தெலுங்கு எழுத்தைக் கற்பித்தனர். அவள் அவர்களுக்குத் தமிழ் எழுத்தைக் கற்பித்தாள். மூன்றாம் பருவத்தில் வந்த கடிதம், அந்த ஆசிரியரின் வேடிக்கை ஒன்றையே முழுமையாக எழுதி, அதற்கு ஏன் சிரிக்கவேண்டும் என்ற விளக்கத்தையும் சேர்த்திருந்தது! 2024-இல் பட்டம் பெற்றுத் திரும்பினாள். கணிதத்தோடு ஒரு மொழியையும் கொண்டுவந்தாள்.

அந்நகரில் தமிழுக்கு மதிப்பில்லையோ என்று அன்பர்கள் ஐயுற வேண்டா. அறிவியல் நூல்களையும் வைணவ நூல்களையும் தமிழில் எழுதிக் குவித்த பேராசிரியர் ந. சுப்பு ரெட்டியார், 1960 முதல் 1977 வரை திருவேங்கடவன் பல்கலைக்கழகத்திலேயே தமிழ் கற்பித்தார். எல்லைப் பூசலின் சூடு ஆறாத ஆண்டுகள் அவை. அந்நாளிலேயே மலையடிவாரத்தில் தமிழ் வகுப்பு நடந்தது. ஆந்திரம், கருநாடகம், தமிழ்நாடு மூன்றும் சந்திக்கும் குப்பத்தில் 1997-இல் திராவிடப் பல்கலைக்கழகம் அமைந்தது. தென்னாட்டு மொழிகளை ஒருங்கே பயில்வதற்காகவே ஏற்பட்டது அது. பெங்களூருக்கும் சோலார்ப்பேட்டைக்கும் இடையே செல்லும் நம்மவர் பலர் குப்பம் என்ற பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பர். அங்கே ஒரு பல்கலைக்கழகம் இருப்பதை எண்ணியிரார்.

முடிவாகச் சில சொற்கள். பிள்ளைகளைப் பிற மாநிலத்தில் படிக்கவைக்க நினைப்போர், கல்லூரியின் பெயரை மட்டும் விசாரித்தல் போதாது. அவ்வாண்டுச் சேர்க்கை விதியில் யார் உள்ளூரார், யார் அல்லர் என்பதை முதலில் படித்தறிக. விடுதி அறை எந்நாளில் ஒதுக்கப்படும், அதுவரை பிள்ளை எங்கே தங்கும் என்பதை அடுத்துக் கேட்க. வகுப்பில் எம்மொழி வழங்குகிறது என்று அறிந்து, புறப்படுமுன் அம்மொழியில் நூறு சொற்களேனும் கற்பித்து அனுப்புக. எல்லாவற்றுக்கும் மேலாக, தந்தையின் பள்ளிச் சான்றையும் தாயின் பள்ளிச் சான்றையும் பத்திரமாகப் போற்றி வைக்க. வீட்டுப் பத்திரத்தையும் நகைச்சீட்டையும் பூட்டி வைக்கும் நாம், தாயார் ஐந்தாம் வகுப்புத் தேறிய சான்றைப் பழைய காகிதத்தோடு எடைக்குப் போட்டுவிடுகிறோம். ஊர் மாறியவர்க்கு அக்காகிதமே ஊர்.

நம் சங்கத்துக் குடும்பங்களில் வெளியூர்களில் படித்துத் தேறிய பிள்ளைகள் பலர் உளர். எந்த ஊரில், எந்தத் தெருவில் தங்கினர், எவ்வாறு சமாளித்தனர் என்பதை அவர்கள் சொல்ல, சங்கத்தார் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைப்பாராயின், அடுத்து ரேணிகுண்டாவில் இறங்கும் பிள்ளை இரண்டு நாள் தெருத்தெருவாக அலைய வேண்டியிராது. முதற் குறிப்பை எழுத நம் தமக்கை மகள் இசைந்திருக்கிறாள்.