கதிரொளியும் நீர்வழியும்

போக்குவரவே நாகரிகத்தின் அடிப்படை என்பர் அறிஞர். ஆயினும், மனிதன் தன் பயணத்தை விரைவுபடுத்திய ஒவ்வொரு காலத்தும் நிலத்தினின்றும் நீரினின்றும் ஏதேனுமொன்றைப் பெற்றுக்கொண்டே விரைந்தான் என்பதும் மறுக்கலாகாது. இருப்புப்பாதை காட்டைக் கேட்டது. நெடுஞ்சாலை நிழல்மரங்களைக் கேட்டது. விமான நிலையமோ ஒரே இடத்தில் பல நூறு ஏக்கர் சமநிலத்தைக் கேட்கின்றது. சமநிலம் எங்கே கிடைக்கும்? நெல் விளையும் வயலிலும், நீர் தங்கும் தாழ்நிலத்திலுமே பெரும்பாலும் கிடைக்கும். ஆகவே, 'பசுமை விமான நிலையம்' என்னும் சொற்றொடரை இக்காலத்தில் நாம் அடிக்கடி கேட்குங்கால், அஃது உண்மையிற் பொருளுடைய சொல்லா, அன்றி விளம்பரத்திற்கென இட்ட பெயரா என்று ஆராய்தல் கற்றோர் கடனாகும். அவ்வாராய்ச்சிக்கு ஏற்ற சான்று நெடுந்தொலைவில் இல்லை. நமது மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்புறத்தே, கொச்சிக்கு அண்மையிலுள்ள நெடும்பாசேரியில் இருக்கின்றது.

யாம் வாழும் வண்ணார்பேட்டை பேருந்துகளின் ஊர். நாகர்கோவிலுக்கும் தூத்துக்குடிக்கும் மதுரைக்கும் செல்வோர் இரவு பகலாக இங்கே காத்து நிற்பர். எனினும், கடல் கடந்து பிழைக்கச் சென்ற ஒருவரேனும் இல்லாத தெருவை இவ்வூரிற் காண்டல் அரிது. சென்ற ஆண்டு எம் தமக்கையார் மகனுக்குத் துபாயில் வேலை கிடைத்தது. அவன் கொச்சியில் விமானம் ஏற வேண்டியிருந்தமையால், அவனை வழியனுப்ப யாமும் உடன் சென்றோம். திருநெல்வேலியில் இரவிற் பாலருவி விரைவு வண்டியேறி, செங்கோட்டைக் கணவாயைத் துயிலிலேயே கடந்து, மறுநாள் முற்பகல் ஆலுவாயில் இறங்கினோம். விமானம் புறப்படுவது இரவில். ஆதலின் அப்பகல் முழுதும் அந்நிலையத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் நோக்குதற்கு எமக்கு வாய்த்தது.

அந்நிலையம் எழுந்த வரலாறே சுவையுடையது. முன்னர்க் கொச்சிக்கு வில்லிங்டன் தீவிலுள்ள கடற்படை விமானத்தளமே பயன்பட்டு வந்தது. பெரிய விமானங்கள் இறங்க அங்கு இடமில்லை. புதிய நிலையம் அமைக்க அரசினிடம் போதிய பொருளில்லை. அக்காலத்தில் எர்ணாகுளம் மாவட்ட ஆட்சியராக விளங்கிய வி. ஜே. குரியன் என்பார், வெளிநாடு வாழ் இந்தியரிடமே பங்குத்தொகை திரட்டலாம் என்னும் கருத்தை முன்வைத்தார். 1994-இல் அதற்கென ஒரு கம்பெனி தோன்றியது. முப்பது நாடுகளில் வாழ்ந்த ஏறத்தாழ 10,000 பேர் பங்கு வாங்கினர். 1999-ஆம் ஆண்டு மே 25-ஆம் நாள் குடியரசுத் தலைவர் கே. ஆர். நாராயணன் நிலையத்தைத் திறந்து வைத்தார். அரசும் மக்களும் கூட்டாக முதலிட்டு இந்தியாவில் எழுந்த முதல் விமான நிலையம் அதுவே.

இனி, அதன் பசுமைக்கு வருவோம். விமான நிலையம் என்பது உறங்கா நகரம். ஓடுதள விளக்குகளும், குளிர்பதனப் பொறிகளும், பெட்டிகளைச் சுமக்கும் பட்டைகளும் ஓயாது மின்சாரம் உண்பன. அச்செலவைக் குறைக்க விரும்பிய நிர்வாகம் 2013-இல் கட்டடக் கூரையின்மேற் சிறிய அளவில் சூரியத் தகடுகளைப் பரப்பிச் சோதித்தது. பயன் தெரியவே, சரக்கு முனையத்தை அடுத்த 45 ஏக்கர் நிலத்தில் 46,150 தகடுகளை நிறுவியது. 12 மெகாவாட் ஆற்றலுடைய அம்மின்னிலையம் 2015 ஆகஸ்டு 18-ஆம் நாள் இயங்கத் தொடங்கியது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 50,000 யூனிட் மின்சாரம் கிடைத்தது. நிலையத்தின் தேவையும் அவ்வளவே. அன்று முதல், முற்றும் கதிரொளியால் இயங்கும் உலகின் முதல் விமான நிலையம் என்னும் புகழ் நெடும்பாசேரிக்கு உரியதாயிற்று.

கதிரவன் மறைந்தபின் விளக்கெரிவது யாங்ஙனம் என ஒருவர் வினவலாம். மின்சாரத்தைச் சேமிக்கும் பெரிய மின்கலங்கள் அங்கு வைக்கப்படவில்லை. பகலில் மிகுந்ததைக் கேரள மின்சார வாரியத்தின் கம்பிகளிற் செலுத்திவிடுவர். இரவில் வேண்டுவதை அவ்வாரியத்தினின்றே திரும்பப் பெறுவர். அறுவடைக்காலத்தில் நெல்லைக் களஞ்சியத்தில் அளந்துவிட்டுப் பஞ்சகாலத்தில் எடுத்துண்ணும் குடியானவன் முறையே இது. ஆண்டுக் கணக்கிற் கொடுத்ததும் கொண்டதும் ஒத்து நிற்றல் வேண்டும், அவ்வளவே.

மழைக்காலத்தில் ஒளி குன்றுமே எனின், அதற்கும் வழி கண்டுள்ளனர். கோழிக்கோடு மாவட்டத்து அரிப்பாறையில், இருவஞ்சிப்புழையின் நீரைப் பேரணை கட்டித் தேக்காமல், ஓடும் ஓட்டத்திலேயே பயன்கொள்ளும் 4.5 மெகாவாட் நீர்மின்னிலையத்தை 2021-இல் அக்கம்பெனி தொடங்கியது. கார்மேகம் கதிரை மறைக்கும் நாளில் ஆறு பெருகுகின்றது. ஆறு மெலியும் நாளிற் கதிர் காய்கின்றது. ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புகின்றது. 2022-இற் பையனூரில் அமைத்த 12 மெகாவாட் மின்னிலையத்திலோ, மேட்டை வெட்டிச் சமனாக்காமல், நிலத்தின் சாய்வுக்கேற்பவே தகடுகளை நிறுத்தினர். நிலத்தைத் தன் விருப்பத்திற்கு வளைக்காது, தான் நிலத்திற்கு வளைந்து கொடுக்கும் இப்பண்பு எம் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தது.

யாம் கண்டவற்றுள் எமக்கு மிக்க மகிழ்ச்சி தந்தது பிறிதொன்று. தகடுகளின்மேற் படியும் தூசியைக் கழுவாவிடின் மின்சாரம் குறையும்; கழுவிய நீர் கீழே வீணாகும். அந்நீரைக் கொண்டே தகடுகளின் வரிசைகளுக்கு இடையே காய்கறி பயிரிடுகின்றனர். மேலே மின்சாரமும் கீழே காய்கறியுமாக ஒரு நிலம் இரு விளைவு தருகின்றது. ஊர்திகள் நிற்குமிடத்தின் கூரையும் சூரியத் தகடுகளாலானதே. வண்டிக்கு நிழல், விளக்கிற்கு மின்சாரம். இம்முயற்சிகளைப் பாராட்டி ஐக்கிய நாடுகள் அவை 2018-இற் சுற்றுச்சூழலுக்குரிய தன் உயரிய விருதினை இந்நிலையத்திற்கு வழங்கியது.

இவற்றையெல்லாம் யாம் வியந்து கூறிக்கொண்டிருக்க, உடனிருந்த மருமகன் மெல்ல நகைத்து, "மாமா, இங்கே விளக்கெரிவது வெயிலால். நான் ஏறப்போகும் விமானம் எதனால் எரியும்?" என்று வினவினான். வினா சிறிதாயினும் பொருள் பெரிது. நிலையத்தின் கட்டடங்களால் எழும் கரி, விமானங்கள் வானில் உமிழும் கரியோடு ஒப்பிடின் மிகச் சிறு பங்கே. சூரியத் தகடுகள் அப்பெரும்பங்கைத் தொடுவதில்லை. ஆதலால், பசுமை நிலையம் என்பது பசுமைப் பயணம் என்று பொருள்படாது. எனினும், தன் கைக்கு எட்டிய வீட்டைத் தூய்மை செய்தவனை நோக்கி, 'தெருவைத் தூய்மை செய்திலையே' என்று இகழ்தல் அறமன்று. வீட்டுத் தூய்மையை ஊர்த் தூய்மை எனப் பறைசாற்றுதலே குற்றம். இதனை அவனிடம் கூறினோம். அவனும் ஒருவாறு ஒப்பினான்.

பெயருக்கு வந்த பெருஞ்சோதனை புகையால் வரவில்லை, நீரால் வந்தது. விருது பெற்ற அதே 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களிற் கேரளத்தில் வரலாறு காணாத மழை பொழிந்தது. இடுக்கி முதலிய அணைகள் திறக்கப்பட்டன. பெரியாறு கரைபுரண்டது. ஆகஸ்டு 15-ஆம் நாள் ஓடுதளத்தில் வெள்ளம் புகுந்தது. மதிற்சுவர் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் இடிந்து வீழ்ந்தது. சூரியத் தகடுகளிலும் ஒரு பகுதி நீரிற் கெட்டது. ஆகஸ்டு 29-ஆம் நாள் வரை நிலையம் மூடிக் கிடந்தது. எந்தப் பழைய தளம் போதாதென விட்டு வந்தார்களோ, அந்தக் கடற்படைத் தளத்திலேயே சிறு விமானங்கள் அந்நாளில் இறங்கின.

நெடும்பாசேரி நிலையம் நின்ற இடம் முன்னர் வயல். அதன் அருகே ஓடுவது செங்கல்தோடு என்னும் ஓடை. நிலையம் கட்டிய காலத்தில் அவ்வோடையின் பழைய வழி மாற்றப்பட்டது. பெருமழையும் பேராற்றின் பெருக்கும் அவ்வெள்ளத்திற்கு முதற்காரணம் என்பதில் ஐயமில்லை. ஆயினும், வந்த நீர் வடிந்தோட வழி குறுகியிருந்ததும் மறைத்தற்குரியதன்று. நிர்வாகத்தாரும் பின்னர் இதனை உணர்ந்து, 'ஆபரேஷன் பிரவாஹ்' எனப் பெயரிட்டு, சுற்றிலுமுள்ள ஓடைகளைத் தூர்வாரி, அகலப்படுத்தி, பாலங்களும் மதகுகளும் அமைத்தனர். சூரியனிடம் கற்ற பாடம் முதற்பாடம். ஆற்றிடம் கற்றது இரண்டாம் பாடம். இரண்டாவது கடினமானது.

எம் வீட்டிற்கு அணித்தே, கொக்கிரகுளத்தையும் திருநெல்வேலிச் சந்திப்பையும் இணைத்து நிற்கும் பாலத்தை இவ்விடத்து நினைத்தல் தகும். ஆட்சியர் அலுவலகத்திற் சிரஸ்தாராயிருந்த சுலோசன முதலியார் தம் சொந்தப் பொருள் கொண்டு கட்டுவித்த அப்பாலம் 1843-இல் திறக்கப்பட்டது. அதன் பெருமை மேலே செல்லும் சாலையில் மட்டும் இல்லை. கீழே திறந்து நிற்கும் வளைவுகளிலும் இருக்கின்றது. மனிதனுக்கு வழி தந்த கையே நீருக்கும் வழி விட்டது. அதனாலன்றோ இத்தனை வெள்ளங்களைக் கண்டும் அஃது இன்றும் நமக்குப் பயன்படுகின்றது!

நமது பள்ளத்தாக்கின் செல்வமும் இந்நீர்வழிகளே. தாமிரபரணியின் பழைய அணைக்கட்டுகளும், அவற்றினின்று பிரியும் கால்களும், கால்கள் நிரப்பும் குளங்களும் நம் முன்னோர் அமைத்து விட்டுச்சென்றவை. 2023 டிசம்பர் 17, 18 நாட்களிற் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தபோது, சந்திப்பும் வண்ணார்பேட்டையின் தாழ்ந்த பகுதிகளும் நீரில் மூழ்கின; ஸ்ரீவைகுண்டத்திற் புகைவண்டிப் பயணிகள் பல நூற்றுவர் நிலையத்திலேயே சிக்குண்டனர். ஆறு தன் பழைய இடங்களை மறக்கவில்லை என்பதனை அன்று கண்ணாரக் கண்டோம்.

இந்நிலையில், தூத்துக்குடிச் சாலையில் வாகைக்குளத்து விமான நிலையம் விரிவடைந்துள்ளது. 2025 ஜூலை 26-இற் புதிய முனையம் திறக்கப்பெற்றது. 17,340 சதுரமீட்டர் பரப்புடையது. கழிவுநீரைத் தூய்மை செய்து மீண்டும் பயன்படுத்துதல், மின்சிக்கன விளக்குகள் முதலியன அதன் அமைப்பில் இடம்பெற்றுள்ளன. மகிழத்தக்கதே. ஆயினும், ஊரின் பெயரிலேயே குளம் இருத்தலைக் கவனியுங்கள். நம் மாவட்டங்களில் ஊர்ப்பெயர் என்பது நிலத்தைப் பற்றி முன்னோர் எழுதிவைத்த பத்திரம். பாளையங்கோட்டையில் எழுந்த புதிய பேருந்து நிலையத்தையும் மக்கள் வேய்ந்தான்குளத்தின் பெயரோடு சேர்த்தே வழங்கி வருகின்றனர் அன்றோ?

ஆதலின், எம் கல்லூரி மாணவர்காள், உங்களுட் பலர் நாளை பொறியாளராகவும் ஆட்சியாளராகவும் விளங்குவீர்கள். விமான நிலையமோ, பேருந்து நிலையமோ, பாடசாலையோ எதைக் கட்டத் தொடங்கினும் மூன்று வினாக்களைக் கேளுங்கள். இதற்கு வேண்டும் ஆற்றல் எங்கிருந்து வருகின்றது? இதன் கழிவு எங்கே செல்கின்றது? இங்கே முன்பு ஓடிய நீர் இனி எவ்வழி ஓடும்? முதலிரண்டு வினாக்களுக்கு விடை கூறும் கருவிகளை இன்று விலைகொடுத்து வாங்கலாம். மூன்றாவதற்கு விடை கடையிற் கிடையாது. பழைய நிலப்படத்திலும், ஊர்ப்பெயரிலும், வாய்க்காலோரத்து முதிய உழவர் நினைவிலுமே கிடைக்கும். அவர்களிடம் முதலிற் கேட்டு, அதன்பின் அடிக்கல் நாட்டுவீர்களாயின், நீங்கள் கட்டுவதற்குப் பசுமை என்னும் பெயர் பொருந்தும்.