அரைப்பேரும் ஒரு பேர்தான்

நாற்பது ஆண்டு காலப் பத்திரிகைத் தொழில் எனக்கு விட்டுச் சென்ற சொத்துகளில் நீரிழிவும் ஒன்று. ஓய்வு பெற்று ஹட்டனுக்குத் திரும்பியதும் வைத்தியர் இரண்டு கட்டளைகள் இட்டார்: தேநீரில் சீனி கூடாது, நாள்தோறும் முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும்.

அவற்றை நிறைவேற்ற, நான் பிறந்து வளர்ந்த தோட்டத்தின் முறையையே கையாண்டேன். அங்கே நிர்ணயித்த கிலோ கொழுந்தைப் பறித்தால் முழுப்பேர்; குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். கூடுதல் கொழுந்துக்குத் தனிக்காசு. அத்துடன் 2013ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து ஒரு விதியையும் கடன் வாங்கினேன். மாதத்தில் 75 சதவீத நாட்கள் நடந்தால் எனக்கு ஒரு புதிய புத்தகம். ஒரு நாள் குறைந்தாலும் புத்தகம் இல்லை. அடுத்த மாதம் கிரிக்கெட்டும் இல்லை.

முதல் மாதம் புத்தகம் வாங்கினேன். இரண்டாம் மாதம் தென்மேற்குப் பருவமழையும் காய்ச்சலும் சேர்ந்து வந்தன. இருபதாம் தேதி கணக்குப் பார்த்தேன். இனி எப்படி நடந்தாலும் 75 சதவீதம் எட்டாது. அன்றோடு நடையை நிறுத்தினேன். தோற்றுவிட்ட மாதத்தில் ஒழுக்கம் எதற்கு என்று, தேநீருக்குள் சீனியும் திரும்பி வந்தது.

அப்போதுதான் அந்த விதி உறைத்தது. 2013 ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் 450 ரூபாய், வருகைக் கொடுப்பனவு 140, விலைப் பங்குக் கொடுப்பனவு 30. மாதத்தில் 24 நாள் வேலை கொடுக்கப்பட்டால் 18 நாள் போனவருக்கே அந்த 140. பதினேழு நாள் உழைத்தவருக்கு அது ஒரு நாளுக்கும் கிடையாது. நான் தோற்றபோது போர்த்திக்கொண்டு படுத்தேன். அவர்களோ காய்ச்சலோடு மலையேற வேண்டும். என் தாயாரும் ஒரு காலத்தில், அரைப்பேருக்கு அஞ்சி, அப்படித்தான் ஏறினார்.

இதையெல்லாம் அறிந்திருந்தும் அந்நாளில் மூன்று தொகைகளையும் கூட்டி, "சம்பளம் 620 ரூபாய்" என்று தலைப்பிட்டவன் நான். நிபந்தனை செய்தியின் கடைசிப் பந்தியில் இருந்தது. அந்தத் தலைப்பு இன்றும் உறுத்துகிறது.

தண்டனையே தவறு என்பதல்ல என் கட்சி. பிலிப்பைன்சில் புகைப்பழக்கத்தை விட விரும்பியவர்களுக்கு ஒரு வாய்ப்பு அளிக்கப்பட்டது. ஆறு மாதம் வங்கியில் பணம் சேர்க்கலாம். பரிசோதனையில் தோற்றால் அது தர்மத்துக்குப் போய்விடும். பத்தில் ஒருவரளவில்தான் இசைந்தார்கள். ஆயினும் வாய்ப்புப் பெற்றவர்களிடையே புகையை விட்டோர் சற்று அதிகம் என்று 2010இல் வெளியான ஆய்வு கூறிற்று. அவர்கள் தண்டனையைத் தாமே தேர்ந்தவர்கள். நோயாளியின் மீது பிறர் சுமத்தும் தண்டனை வேறு.

இப்போது என் சட்டங்களைத் திருத்திவிட்டேன். மாதக் கணக்கு இல்லை; அன்றன்றைய கணக்கு மட்டுமே. நடந்த நாளின் மாலையில் அரை மணி நேரம் பழைய பாட்டுகள். சோம்பலால் தவறினால் உண்டியலில் நூறு ரூபாய். அது லயத்துப் பிள்ளைகளின் கொப்பிகளுக்கு. நோயால் தவறினால் தண்டம் இல்லை. பாதி நடந்தால் பாதிக் கணக்கு உண்டு.

நேற்று நல்ல மழை. வாசல் திண்ணையிலேயே இருபது நிமிடம் நடந்துவிட்டு, சீனியில்லாத தேநீரோடு நாட்காட்டியின் முன் நின்றேன். என் தாயார் அஞ்சிய அந்த அரைப்பேரை எனக்கு நானே போட்டுக்கொண்டேன். வெட்கமாக இல்லை.