மூன்றாவது கட்டு

"சைனா பேட்டரிதானே, அவ்வளவுதான் ஆயுசு." பீடோங் பக்கத்துத் தோட்டத்தில் மாமாவின் மின்சார சைக்கிள் பாதி வழியில் நிற்கத் தொடங்கியதும் ஆளாளுக்கு இதையே சொன்னார்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது. தினமும் ஓட்டினால் ஓரளவு தாங்குகிறது. மழைக்காக வீட்டில் கிடந்துவிட்டு எடுத்தால்தான் மோசம். ஓடித் தேய வேண்டிய பொருள் ஓய்வில் ஏன் தேய்கிறது?

சுங்கை பட்டாணியில் பேட்டரி பழுது பார்க்கும் ஓர் அண்ணனிடம் கொண்டுபோனேன். கூலிம் ஹைடெக் பார்க் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெட்டிக்குள் 40 செல்கள். ஒவ்வொன்றும் 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். நான்கு செல் ஒரு கட்டு, அப்படிப் பத்துக் கட்டு. முழு சார்ஜில் கட்டுக்கு 4.2 வோல்ட், மொத்தம் 42. மீட்டரை வைத்தார். ஒன்பது கட்டுகள் 4.1-ஐ ஒட்டி நின்றன. மூன்றாவது மட்டும் 3.3.

"அப்போ செல்தான் போச்சா அண்ணே?"

"கொறஞ்சது செல்லு தம்பி. கொறைச்சது யாருன்னு தெரியணும்லா."

நான் அந்தச் செல்களின் பிறப்பிடத்தைத் தேடிக் கிளம்பினேன். நீல உறையில் அச்சிட்டிருந்த எழுத்துகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன், படமெடுத்துப் பெரிதாக்கினேன், தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினேன். ஒருவர் கொரியா என்றார், இன்னொருவர் சீனா என்றார். அண்ணன் சிரித்துக்கொண்டே ஒரு கட்டுப் புது உறைகளை மேசையில் போட்டார். சூடு காட்டினால் சுருங்கி ஒட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக். எந்தச் செல்லுக்கும் எந்தப் பெயரையும் போர்த்தலாம். போதாக்குறைக்கு, சீனாவின் ஈவ் எனர்ஜி நிறுவனம் 2023-இல் நம் கூலிமிலேயே அடிக்கல் நாட்டி, 2025-இல் 21700 வகைச் செல்களைத் தயாரிக்கத் தொடங்கிவிட்டது. அதைச் சைனா செல் என்பதா, கெடா செல் என்பதா? ஊரைக் கேட்பதை அத்தோடு விட்டேன். எப்போது இறங்குகிறது என்று கேட்க ஆரம்பித்தேன்.

அதைத்தான் அண்ணன் முதலிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். கொள்ளளவு குறைந்த கட்டு, சார்ஜில் மற்றவற்றுக்கு முன்பே ஏறி, ஓட்டத்தில் முன்பே இறங்கும். உள்தடை கூடிய கட்டு, லோடு கொடுத்ததும் சரிந்து, விட்டதும் எழும்பும். சும்மா கிடக்கும்போதே இறங்கினால் எங்கோ கசிகிறது. அந்தக் கசிவு செல்லுக்குள்ளேயா வெளியேயா என்பதுதான் கேள்வி.

கட்டுப்பாட்டு போர்டின் ஒயர்களைக் கழற்றினார். மூன்றாவது கட்டைத் தனியாக மெதுவாக சார்ஜ் செய்து, மற்றவற்றுக்குச் சமமாக்கி அலமாரியில் வைத்தார். "2 வோல்ட்டுக்குக் கீழே போயிருந்தா சார்ஜே போட மாட்டேன்" என்றார். அந்த ஆழத்தில் உள்ளிருக்கும் செப்புத் தகடு கரையலாம். மறுபடி சார்ஜ் செய்யும்போது அந்தச் செம்பு வேண்டாத இடத்தில் படிந்து ஷார்ட் ஆகலாம். அதன் பிறகு போன் போட்டபோதெல்லாம் ஒரே பதில்: "எறங்கல. பொறு."

இறங்கவேயில்லை. போர்டை மீண்டும் மாட்டியதும் இறங்கியது.

போர்டில் கட்டுக்கொன்றாகச் சின்னத் தடைகள் இருந்தன. அண்ணன் என் விரலைப் பிடித்து வரிசையாகத் தொட வைத்தார். மூன்றாவது மட்டும் வெதுவெதுப்பு. எந்தக் கட்டாவது சார்ஜில் மிஞ்சினால் அதன் மின்சாரத்தை அந்தத் தடை வழியாகக் கொஞ்சம் வடித்துச் சமமாக்குவது போர்டின் வேலை. மூன்றாவதன் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகி, வடிப்பதை நிறுத்தாமல் இருந்திருக்கிறது. 100 ஓம் தடை, 4 வோல்ட்: 40 மில்லி ஆம்பியர். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 ஆம்பியர்-மணி. கட்டின் மொத்தக் கொள்ளளவே 10. ஒரு வார மழை போதும். ஒரு கட்டு அடிமட்டத்தைத் தொட்டாலும் போர்டு மொத்த பேட்டரியையும் துண்டித்துவிடும். மற்ற ஒன்பதில் சார்ஜ் இருந்தும் சைக்கிள் நின்றது அதனால்தான். செல்களை மட்டும் மாற்றியிருந்தால் புதியவற்றுக்கும் இதே கதிதான்.

எனக்கு ஒரே குஷி. அண்ணனுக்கு அது போதவில்லை. "டிரான்சிஸ்டர் ஏன் போச்சு?" என்று போர்டைத் திருப்பினார். ஒயர் செருகும் இடத்தில் பச்சைக் களிம்பு. பெட்டியின் மூடியைத் தடவினார்; ஓரத்து ரப்பர் ஒரு மூலையில் மடங்கியிருந்தது. மழைநீர் அந்த வழியாகத்தான் உள்ளே போயிருக்கிறது.

புது போர்டு போட்டு, ரப்பரையும் மாற்றினார். செல்கள் அதே பழையவைதான், நன்றாகவே ஓடுகின்றன. இப்படி மழை பெய்கிற ஊரில் முதலில் மூடியைப் பார்க்க வேண்டும், அடுத்து போர்டை. செல்லைச் சந்தேகிப்பது கடைசியில்தான்.