குளியலறையில் ஒரு வாத்து

2021 ஜனவரி. கணவருக்கு ஆலப்புழையில் வேலை என்பதால் தகழி பக்கம் வாடகை வீட்டில் இருந்தோம். வீட்டுக்காரச் சேச்சி ஆறு வாத்து வளர்த்தார். காலையில் திறந்துவிட்டால் வாய்க்காலில் நத்தை பொறுக்கித் தின்றுவிட்டு, சாயந்திரம் தானாகவே வீடு திரும்பும். கொரோனாவால் பள்ளிக்கூடம் கிடையாது. எட்டு வயது மகளுக்கு அந்த ஆறும்தான் தோழிகள்.

கிறிஸ்துமஸ் சமயத்திலேயே குட்டநாட்டில் வாத்துகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. எச்5என்8 பறவைக் காய்ச்சல் என்று உறுதியானது. நோய் கண்ட இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் உள்ள கோழி, வாத்து எல்லாவற்றையும் கொன்று எரிக்க உத்தரவு. எங்கள் வீடு அந்த வட்டத்துக்குள்.

கவச உடை போட்டவர்கள் வந்து எண்ணியபோது ஐந்துதான் இருந்தன. ஆறாவது எங்கள் குளியலறையில்!

"அதுக்குக் காய்ச்சலே இல்லம்மா" என்று கதவை மறித்து நின்றாள் மகள். சேச்சி என் முகத்தையே பார்த்தார். பேசாமல் இருந்துவிடலாமா என்று எனக்கும் தோன்றியது, நிஜம்.

கால்நடை டாக்டர் பொறுமைசாலி. "சில வாத்து நல்லாத்தான் இருக்கும் மோளே. ஆனா எச்சத்துல வைரஸ் போகும். அதே தண்ணில நீந்துற அடுத்த ஊர் வாத்துக்கும் ஒட்டும். கோழிக்கு வந்தா ரெண்டே நாள்தான்" என்றார்.

ஆயிரக்கணக்கில் வாத்து மேய்த்துப் பிழைக்கிறவர்கள் அந்த வாய்க்கால் நெடுக இருந்தார்கள். கதவைத் திறந்தேன்.

"அப்போ காட்டு வாத்தை யாரு பிடிப்பா?" என்றாள்.

"பிடிக்க முடியாது. எங்கிருந்தோ பறந்து வருது. நம்ம வாத்துதான் அதோட சேராம இருக்கணும்."

முன்னாலும் பின்னாலும் தண்ணீர் உள்ள குட்டநாட்டில் அது எப்படி என்று அவரும் சொல்லவில்லை.

இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட வாத்துக்கு 200 ரூபாய், குஞ்சுக்கு 100, முட்டைக்கு 5 என்று அரசு நஷ்டஈடு அறிவித்தது. முட்டையிடும் வாத்துக்கு 200 ரூபாய் எனக்குக் குறைவாகவே பட்டது. கை நிறையக் கொடுத்தால் யார் ஒளித்துவைக்கப் போகிறார்கள்?

அன்று சாயந்திரம், பழக்கத்தில் சேச்சி கூட்டைத் திறந்துவைத்துவிட்டு, பிறகு மூடினார். நான் ப்ளீச்சிங் பவுடர் போட்டுக் குளியலறையைத் தேய்த்து முடிக்கும்வரை மகள் வாசலிலேயே நின்றாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.